டூட்டி பேச்சு

வியாசர்பாடியில் சங்கமித்ராவை நேரில் பார்த்தவர்களைவிட அவள் குரலைக் கேட்டவர்கள்தான் அதிகம். காலை ஷிப்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் யாராவது ஒருவருடைய போனிலிருந்து அந்தக் குரல் வரும். "இன்னா, டூட்டிக்குக் கெளம்பிட்டியா? நாஸ்டா துன்னியா, இல்ல டீ மட்டும் ஊத்திகினு ஓட்றியா?" என்று ஆரம்பிக்கும். ஐந்து நிமிடம் பேசுவாள். பத்து நிமிட டீ இடைவேளையில் கேன்டீனுக்கு நடந்துபோய் வரவே எட்டு நிமிடம் ஆனால் டீயை எப்போது குடிப்பது என்று ஒரு நாள் கேட்பாள். நாள் முழுக்க நின்றே பேக்கிங் பண்ணுகிறவளுக்கு முப்பத்தைந்து வயதில் முட்டி போவதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவாள். சேனலுக்கு 'டூட்டி பேச்சு' என்று பெயர்.

அப்பா லோகநாதன் ரயில் பெட்டி கட்டுகிற பெரம்பூர் கேரேஜில் முப்பத்தி நாலு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெர்மனென்ட் வேலை. காலையில் சங்கு ஊதினால் உள்ளே, சாயங்காலம் ஊதினால் வெளியே. மகள் பி.காம். முடித்ததும் அதேபோல ஏதாவது கிடைத்துவிடும் என்று நினைத்தார். கிடைக்கவில்லை. சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆள் சப்ளை பண்ணும் ஒரு காண்ட்ராக்டரின் ஆபீசில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அங்கே அவளுக்கு ஒரே வேலைதான். பதினோரு மாதம் ஆனவர்களின் பெயரை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இன்னொரு பட்டியலில் போடவேண்டும். அதே ஆள், அதே கம்பெனி, அதே மெஷின். காண்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறும். சர்வீஸ் அறுந்துபோகும், பெர்மனென்ட் கேட்க முடியாது. ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குக் காகிதத்தில் நாலு மாத சர்வீஸ்தான் இருந்தது. இதைச் செய்தது தன்னுடைய விரல்கள்தான் என்பது சங்கமித்ராவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "நானே ஒரு கம்பெனி வெச்சா இந்த வேலைய பண்ண மாட்டேன் நைனா" என்று ஒரு நாள் அப்பாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சொன்னதைச் செய்தாள்.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் ஒரே அறை. 'போதி மேன்பவர் சர்வீசஸ்' என்று பலகை. கூட மெஹ்னாஸ் என்ற பெண், வருகைப்பதிவும் மெயிலும் பார்த்துக்கொள்ள. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்க ஆறு பெண்கள். அவர்களோடு சங்கமித்ராவும் இரண்டு வாரம் துடைப்பம் பிடித்தாள். பி.எஃப். சீட்டை ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து படித்துக்காட்டினாள். யாருடைய பெயரையும் பட்டியல் மாற்றவில்லை. ஆறு முப்பதானது, முப்பது நூறானது.

சேனல் தொடங்கியது தற்செயலாகத்தான். எண்ணூர் பக்கம் போகும் வழியில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றதில் அவள் ஏறியிருந்த ஆட்டோ ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, பக்கத்தில் லாரிச் சக்கரம். பக்கத்து சீட்டில் வேலைக்கு லேட்டாகிற ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அரை நாள் போய்விடும் அவளுக்கு. சங்கமித்ரா போனை எடுத்து அதைப் பற்றியே பேசி, தெரிந்தவர்களுக்கு அனுப்பினாள். மறுநாள் தெரியாதவர்களிடமிருந்து அது அவளுக்கே திரும்பி வந்தது. மெஹ்னாஸ்தான் சேனல் தொடங்கிக் கொடுத்தாள்.

இரண்டு வருடத்தில் பெயர் வந்துவிட்டது. மகளிர் தினத்துக்குக் கம்பெனிகள் கூப்பிட்டன. பொன்னாடை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் உள்ள ஒரு பெரிய குடோனின் மேனேஜர் லியோனார்ட், ராயபுரத்துக்காரர், தானே ஆபீசுக்கு வந்து மாடியேறினார். நூற்றி நாற்பது பெண்கள் வேண்டும் என்றார். பெரிய பெரிய காண்ட்ராக்டர்களை விட்டுவிட்டு ஏன் தன்னிடம் என்று கேட்டாள்.

"உங்க பேச்ச அவங்க கேக்கறாங்க மேடம். நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க."

அப்போது அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். லோகநாதன் தன் போனில் அவள் வீடியோவைத் தெருவுக்கே கேட்கிறமாதிரி வைத்துக் கேட்கிறவர். அன்று மட்டும் கொஞ்சம் யோசித்தார். "அவன் உன் ஆளுங்கள எடுக்கறானா, உன் வாய எடுக்கறானா?" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு கம்பெனி விஷயம் எதையும் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் கழித்து, போன மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. சேனலுக்குத் தினமும் இருபது முப்பது வரும். பெயர் சொல்லாதீங்கக்கா என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். இது அப்படித் தொடங்கவில்லை.

"சங்கமித்ரா, நான் அங்கம்மா பேசறேன். தாழங்குப்பம் அங்கம்மா, நம்ம குடோன்ல மூணாவது லைன். பேரு சொல்லாதன்னுலாம் கேக்க மாட்டேன். போன வாரம் எங்கியோ ஒரு துணிக் கம்பெனில பொம்பளைங்கள பாத்ரூம் வுட மாட்றான்னு பேசினியே, கேட்டேன். நல்லாத்தான் பேசின. நம்ம குடோன்லயும் அப்டித்தான் கீது. சாவி சூப்பர்வைசர் டேபிள்ள கீது. நோட்டுல பேரு எய்தி, டைம் எய்தி, கையெய்த்து போட்டாத்தான் குடுப்பான். லைனுக்கு ஒருத்தி, அவ வந்தப்பால அடுத்தவ. எனுக்கு அம்பது வயசு ஆவுது. இதுக்கு ஒரு கையெய்த்தா? இத்தப் பத்தி எப்ப பேசப் போற? அத்த மட்டும் சொல்லு."

சங்கமித்ரா அதை நாலு முறை கேட்டாள். அங்கம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் படகில் போய்க்கொண்டிருந்தவர், கடலில் ஒன்றும் கிடைக்காமல் போனதும் அவள் மீன்கூடையை வைத்துவிட்டு குடோனுக்கு வந்தவள். ஒரு நாள் லீவு போட்டதில்லை.

சாவி விஷயமும் சங்கமித்ராவுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. ஏப்ரலில் குடோனிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. 'வசதிகளைப் பயன்படுத்தும் முறை' என்று தலைப்பு. மெஹ்னாஸ் வாசித்துவிட்டு, "அக்கா, இது பாத்ரூமுக்குத்தான் சொல்றாங்க போல" என்றாள். அன்றைக்கு வேறு ஏதோ அவசரம். "சரின்னு போட்டுடு" என்று சங்கமித்ரா சொன்னாள். சரி என்று பதில் போனது. அதற்குக் கீழே அவள் பெயர்.

மறுநாள் லியோனார்டைப் போய்ப் பார்த்தாள். குடோனில் தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு மாதிரி காந்தியது. மாடியில் அவர் அறையில் மட்டும் ஏ.சி. ஓடியது. அறையின் கண்ணாடிச் சுவருக்குக் கீழே பெண்கள் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை.

"சாவிய எடுத்துடுங்க சார். ரொம்பக் கேவலமா இருக்கு."

"எனக்கு மட்டும் புடிச்சிருக்குன்னா நெனைக்கிறீங்க?" லியோனார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹெட் ஆபீஸ் ரூல். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டின்னு அங்க ஸ்க்ரீன்ல பாத்துகினு இருக்கான். நான் வெளிய போனாலே கார்ட தேச்சிட்டுத்தான் போறேன் மேடம்."

"நான் இதப் பத்தி பேசினா?"

"பேசுங்க. நான் தடுக்கவே மாட்டேன். மறுநாள் காலைல எனக்கு ஒரு போன் வரும். அதுக்கு மறுநாள் வேற காண்ட்ராக்டர் வருவான். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். வருகிறவன் எந்த மாதிரி ஆள் என்பதும், அவன் ஆபீசில் ஒரு பெண் உட்கார்ந்து எந்தப் பட்டியலிலிருந்து எந்தப் பட்டியலுக்குப் பெயரை மாற்றுவாள் என்பதும் தெரியும். பேசினால் நூற்றி நாற்பது பேரையும் அவனிடம் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். பேசாவிட்டால் அங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? மாடிப்படியில் இறங்கி வரும்போது மூன்றாவது லைன் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

அந்த வாரம் வீடியோ போட வேண்டிய நாள் வந்தது. காலையில் மொட்டைமாடியில் நின்று மூன்று முறை பேசிப் பார்த்தாள். மூன்றையும் அழித்தாள். நாலாவதாக வெயிலைப் பற்றிப் பேசினாள். பெண்கள் வேலையிடத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரகம் முக்கியம், பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல விஷயம்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு ஏற்றிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் கீழே ஒரு வரி வந்தது. 'தண்ணி குடிச்சிட்டு எங்க போறது?'

அதற்குக் கீழே அதே வரி இன்னொரு பெயரில். அதற்குக் கீழே இன்னொன்று. மத்தியானத்துக்குள் அறுபதைத் தாண்டியது. பெயர்கள் எல்லாம் அவள் சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர்கள். யாரும் திட்டவில்லை. அந்த ஒரே கேள்விதான். மெஹ்னாஸ் போனை நீட்டினாள். "இன்னாக்கா பண்றது?"

சங்கமித்ரா வாங்கிப் பார்த்தாள். பிறகு யாரும் கருத்துப் போட முடியாதபடி அதை மூடச் சொன்னாள். சேனல் தொடங்கிய நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. மெஹ்னாஸ் மூடினாள். அன்று மாலை வீட்டில் அப்பா போனில் அவள் குரல் கேட்கவில்லை. அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு லியோனார்ட் கூப்பிட்டார். குரல் பதறியது.

"மேடம், உடனே வாங்க. எல்லாரும் பாத்ரூமுக்கு லைன்ல நிக்கிறாங்க."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்! நூத்தி முப்பத்தெட்டு பேரு! ஒரே நேரத்துல வருதாம். பெட்டி போற பெல்ட் நின்னு போச்சு. வெளில ஏழு லாரி நிக்குது. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுங்க, அதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கோம்."

கடைசி வாக்கியத்தைத் தான் சொல்லிவிட்டதை உணர்ந்த மாதிரி அவர் சட்டென்று போனை வைத்தார்.

ஆட்டோ திருவொற்றியூர் தாண்டியதும் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் ஆட்டோவின் ரெக்சின் கூரை வழியாக உச்சந்தலையில் இறங்கியது. சங்கமித்ரா கையிலிருந்த பாட்டிலை முழுக்கக் குடித்தாள். போய் என்ன சொல்வது? வேலைக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சேனலில் பேசுகிற அதே குரலில்தான் அவையும் வந்தன. அதே 'இன்னா', அதே 'பாரும்மே'. தன் குரலைக் கேட்கத் தனக்கே பிடிக்கவில்லை. லாரிகள் நகரவில்லை. இறங்கி நடக்கலாம் என்றால் ஆறு கிலோமீட்டர். திரும்பிப் போகலாம் என்றால் பின்னாலும் லாரி.

குடோனை அடைந்தபோது பன்னிரண்டேகால். உள்ளே ஒரு சத்தம் இல்லை. அதுதான் முதலில் அவளைப் பயமுறுத்தியது. சுவரோரமாக வரிசை நீண்டிருந்தது. பச்சை கோட்டுப் போட்ட பெண்கள், அவள் கம்பெனி தைத்துக் கொடுத்த கோட்டு. மேஜையில் நோட்டு. ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, அப்பா பெயரையும் சேர்த்து. சூப்பர்வைசர் கையில் சாவியோடு பரிதாபமாக நின்றுகொண்டிருந்தான்.

வரிசையின் பின்பக்கம் அங்கம்மா நின்றிருந்தாள். சங்கமித்ரா அவளிடம் போனாள்.

"இன்னாக்கா இது?"

"ஒண்ணும் இல்லியே. ஸ்ட்ரைக்கா பண்றோம்? கோஷமா போட்றோம்? ரூலு போட்டாங்க, ரூல்படி நின்னுகினு கீறோம்."

லியோனார்ட் ஓடிவந்து மைக்கைக் கையில் திணித்தார். குடோனில் அறிவிப்புச் செய்கிற மைக். அதைப் பிடித்ததும் நூற்றி முப்பத்தெட்டு தலைகளும் திரும்பின. சங்கமித்ரா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு மணி நேரம் ஆட்டோவில் அடக்கிக்கொண்டு வந்தது மட்டும் அடிவயிற்றில் முட்டியது. அவள் லியோனார்டிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் உடனே மாடியைக் காட்டினார். "என் ரூம்லயே இருக்கு மேடம். போய்ட்டு வந்து பேசுங்க."

அவள் படியைப் பார்த்தாள். இருபது படிகூட இருக்காது. அங்கம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை.

"மேல போறியா, இங்க நிக்கிறியா?" என்றாள். பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

பெரிதாகத் துணிந்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. பின்னால் யாராவது பாராட்டியபோதெல்லாம் சங்கமித்ரா அதை மறுத்திருக்கிறாள். அந்தப் படியில் நூற்றி முப்பத்தெட்டு பேர் பார்க்க ஏற அவளுக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான். மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றாள். யாரும் கைதட்டவில்லை. யாரும் முன்னால் விடவும் இல்லை. ஐம்பது நிமிடம் ஆனது. ஒரு கட்டத்தில் கால்களைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "இப்டித்தான் மேடம், தெனம்" என்றாள். அவள் முறை வந்தபோது சூப்பர்வைசர் தயங்கினான். "மேடம், உங்களுக்கு டோக்கன் நம்பர் இல்லியே." அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கினாள்.

மறுநாள் நோட்டும் இல்லை, சாவியும் இல்லை. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அம்பத்தூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தான். பெண்கள் எல்லோரும் அதே லைன், அதே ஸ்டூல், பெயர் மட்டும் அவன் பட்டியலில். மூன்று வருட சர்வீஸ் போய், முதல் நாளிலிருந்து தொடங்கினார்கள். கடைசி நாள் குடோன் கேட்டில் நின்று சங்கமித்ரா ஒவ்வொருத்திக்கும் அனுபவச் சான்றிதழ் கொடுத்தாள். அங்கம்மா வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காத. உன்கூட வர்றதுக்கு உன்கிட்ட வேற குடோன் இல்ல."

"நான் மொதல்லியே பேசி இருந்தா இன்னா ஆயிருக்கும்க்கா?"

அங்கம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "மொதல்லியே போயிருப்ப" என்றாள். பிறகு அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் சங்கமித்ரா எல்லாவற்றையும் பேசினாள். மெயில் வந்ததை, தான் சரி என்று பதில் போட்டதை, தண்ணீர் வீடியோவை, கருத்துகளை மூடியதை, எதையும் மறைக்கவில்லை. பதினாலு நிமிடம். அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். லோகநாதன் அதை இரண்டு முறை கேட்டார். முதல் முறை காதோடு ஒட்டிவைத்து, இரண்டாவது முறை தெருவுக்கே கேட்கும்படி.

ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனது. மீதி இருந்தது மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலை, அறுபத்திரண்டு பெண்கள். அவர்கள் புது ஒப்பந்தம் அனுப்பினார்கள். பதினேழாவது ஷரத்து புதிது. பணியிடங்களின் நிலைமை குறித்து ஒப்பந்ததாரர் எந்தப் பொதுவெளியிலும் கருத்துத் தெரிவிக்கக் கூடாது. அவர்கள் கம்பெனி என்று மட்டும் இல்லை, எந்தப் பணியிடமும்.

அதை அப்பாவிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். "நான் பெர்மனென்ட்டா இருந்தவன்மா. கையெய்த்து போடாதன்னு நான் சொல்லிடுவேன், எனக்கு இன்னா போச்சு? அந்த அறுவத்திரண்டு பேரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. நீ பாத்துகினு கீற." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மீஞ்சூரில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலை மூன்று மணி ரயிலில் ஏறினாள். பெண்கள் பெட்டியில் கூட்டம் இல்லை. அத்திப்பட்டில் ஒரு பெண் ஏறி எதிரே உட்கார்ந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காலி டிபன் பாக்ஸ். சங்கமித்ரா யாரிடமோ போனில், "ரயில்ல கீறேன், அப்பால பேசறேன்" என்று சொன்னதுதான் தாமதம், அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"நீ டூட்டி பேச்சு அக்காதானே? இன்னாக்கா, ரெண்டு வாரமா ஒண்ணியும் காணோம்?"

"இப்ப பேசறதில்லமா."

"ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்ல. பேசக்கூடாதுன்னு கையெய்த்து போட்டுக் குடுத்துட்டேன்."

அந்தப் பெண் அவளை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றமா, பரிதாபமா என்று சங்கமித்ராவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரயில் எண்ணூரைத் தாண்டியது.

"சரி, நீ பேச வேணாம்" என்றாள் அந்தப் பெண், சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தபடி. "நான் சொல்றேன், நீ கேளு. எங்க லைன்ல ஒரு புது மெஷின் போட்டுகீறான்..."

கத்திவாக்கம் போனது, விம்கோ நகர் போனது, திருவொற்றியூர் போனது. மெஷினிலிருந்து கை மரத்துப்போவதற்கு வந்தாள், அங்கிருந்து டாக்டர், லீவு, சூப்பர்வைசர் சொன்ன ஒரு சொல். சங்கமித்ரா போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக, எந்தக் கை, வேறு யாருக்கெல்லாம் என்று நடுநடுவே கேட்டாள். இறங்க வேண்டிய கொருக்குப்பேட்டை வந்தது. அந்தப் பெண் இன்னும் பாதிதான் சொல்லியிருந்தாள். சங்கமித்ரா எழுந்திருக்கவில்லை.